பச்சை அடித்த குழாய்

பெயிண்ட் இன்னும் காயவில்லை. அதற்குள் சிங்காரன் கொட்டாய் என்கிற அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் சென்றாயன் வாசலில் கூடிவிட்டார்கள். ஆழ்துளைப் போர்க்குழாய்க்குக் கழுத்திலிருந்து கால்வரை பச்சை அடித்திருந்தது. மாரியம்மன் பண்டிகைக்கு வீடு வெள்ளையடிக்கிறபோதுகூட அந்தக் குழாயை யாரும் சீண்டியதில்லை. இப்போது அதைப் பார்க்க மூக்குத்தி போட்ட புதுப்பெண்ணைப் பார்க்க வருவது மாதிரி வந்துகொண்டே இருந்தார்கள்.

"இந்தக் கொட்டாயில இருக்கற எல்லா போர்த் தண்ணியும் டெஸ்ட் பண்ணிட்டோம். குடிக்கறதுக்கு ஆவற தண்ணி இந்த வூட்டுப் போர்ல மட்டுந்தான் வருது. எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க!" என்றார் சென்னப்பன் சார். பல்கலைக்கழகத்திலிருந்து என்.எஸ்.எஸ். கேம்ப் கூட்டி வந்திருந்த பேராசிரியர். தலையில் தொப்பி, சட்டையெல்லாம் பெயிண்ட்.

கை தட்டினார்கள். சென்றாயனுக்குக் கழுத்து திரும்பாது. பல வருஷமாக யாரைப் பார்ப்பதென்றாலும் உடம்போடுதான் திரும்புவார். அன்றைக்கு நாலு பக்கமும் உடம்போடு திரும்பித் திரும்பிக் கும்பிட்டார். மனுஷனுக்கு அப்படி ஒரு பூரிப்பு.

அவர் மனைவி ராணியம்மாள் மட்டும் கை தட்டவில்லை. புளி தட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்திருந்தாள். மாசி மாதம், அந்தப் பக்கத்தில் எந்த வீட்டு வாசலிலும் புளிதான். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து எடுத்து விரலெல்லாம் பசை ஏறிக் கிடந்தது. "கை ஒட்டுது" என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

அவர்கள் டெஸ்ட் பண்ணிய பாட்டிலில் இருந்தது அந்தக் குழாய்த் தண்ணீரே இல்லை. அது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டை விட்டு மண் பாதையில் உள்ளே இறங்கினால் சிங்காரன் கொட்டாய். காவேரிக் குழாய் ரோட்டோடு நின்றுவிட்டது. கொட்டாய்க்காரர்களுக்குப் போர்த் தண்ணிதான். அந்தத் தண்ணியைக் குடித்துக் குடித்துப் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறும், பெரியவர்களுக்கு முட்டியும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். தண்ணியால்தான் என்று எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, தாகம் எடுத்தால் குடித்துத்தானே ஆகவேண்டும்?

கேம்ப் பிள்ளைகள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியபோது ராணியம்மாள் பெரிதாக மதிக்கவில்லை. வேறு ஒரு காலேஜ்காரர்கள் முன்னொரு தடவை வந்து செடி நட்டுப் போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் பஸ் ஏறுவதற்குள் ஆடு செடியைத் தின்றுவிட்டது. ஆனால் இந்தப் பிள்ளைகள் ஏரிக்கரை முள்ளை வெட்டினார்கள், கிழடுகளுக்குக் கண் பார்க்க டாக்டரைக் கூட்டி வந்தார்கள், மாட்டுக்கு ஊசி போட வைத்தார்கள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பாவம், நல்ல பிள்ளைகள் என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. இளகிய மனசுதான் வினையை இழுத்து வந்தது.

அவள் வீட்டுக்கு வந்தது வெண்மதி என்கிற பெண். அரூர்ப் பக்கம். வந்த நேரம் பார்த்துக் கரண்டு இல்லை, மோட்டார் ஓடாது. அந்தப் பெண், வீட்டுக்காரர் பேர் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினாள்.

"அம்மா, கரண்டு வந்ததும் இதுல உங்க தண்ணி புடிச்சு வைங்க. சாயந்திரம் வந்து வாங்கிக்கறன்."

"என்னாத்துக்கு கண்ணு?"

"டெஸ்ட் பண்றதுக்கும்மா. மீதிய யுனிவர்சிட்டிக்குக் கொண்டு போவோம். பெரிய மேடமெல்லாம் பாப்பாங்க."

டெஸ்ட் என்றது ராணியம்மாள் காதில் ஏறவில்லை. பெரிய மேடம் பார்ப்பார்கள் என்றதுதான் ஏறியது. கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டுப் பாட்டிலைப் பிடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே மாவு கரைத்த மாதிரி மங்கலாக இருந்தது. நாக்கில் வைத்தால் சப்பென்று ஒரு உவர்ப்பு. சீ, இதையா கொடுத்தனுப்புவது?

அந்த வீட்டில் வெளியாளுக்குப் போர்த் தண்ணி கொடுத்த வழக்கமே இல்லை. சென்றாயன் டி.வி.எஸ்ஸில் இரண்டு பக்கமும் குடம் கட்டி, ரோட்டுக் குழாயில் வரிசையில் நின்று காவேரித் தண்ணி பிடித்து வருவார். அதைப் பித்தளைக் குடத்தில் ஊற்றி, துணி கட்டி, அடுப்படி மூலையில் வைத்திருப்பாள். விருந்தாளி வந்தால் அதிலிருந்துதான் ஒரு சொம்பு. வீட்டு ஆள் யாராவது அதில் கை வைத்தால் கரண்டியால் ஒரு போடு விழும். அவள் பாட்டில் தண்ணியை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, குடத்துத் துணியை அவிழ்த்து, காவேரித் தண்ணியை நிரப்பி, பாட்டிலை முந்தானையால் துடைத்து வைத்தாள். வீட்டு மானம் யுனிவர்சிட்டிக்குப் போகிறதே, நல்லபடியாகப் போகட்டும் என்றுதான் வைத்தாள். சூதும் இல்லை, வாதும் இல்லை.

இப்போது குழாய் பச்சையாக நிற்கிறது.

கூட்டம் கலைவதற்குள் பக்கத்து வாசலிலிருந்து குள்ளம்மாளின் குரல் கிளம்பியது. குள்ளம்மாள் சென்றாயனின் தம்பி பெண்டாட்டி. அவள் குழாய்க்குச் சிவப்பு அடித்து 'குடிக்க அல்ல' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஏஞ்சாமி, ரெண்டு போருக்கும் நடுவுல ஒரு மாடு கட்டற தூரந்தான் இருக்குது. ஒரே பாறைய ஓட்ட போட்டுத்தான் ரெண்டு பேரும் தண்ணி எடுக்கறோம். அவளுக்குப் பச்ச, எனக்குச் செவப்பா? பூமிக்குள்ள என்ன பாகம் பிரிச்சா வெச்சிருக்குது?"

"அப்படியும் வருங்கம்மா, பாறைக்குப் பாறை புளோரைடு உப்பு மாறும்" என்று சார் சமாதானம் சொன்னார்.

"என்னமோ போங்க. எம் மூஞ்சியில செவப்ப பூசிட்டீங்க. நாளைக்கி எம்மாட்டுப் பாலு வாங்கறவன்கூட யோசிப்பான்."

ராணியம்மாள் தலை குனிந்து புளியை எடுத்துக் கொட்டை உருவ ஆரம்பித்தாள். ஓரகத்தி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பொழுது சாயும்போது குடங்கள் வர ஆரம்பித்தன. வந்தவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக வந்தார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒருத்தி குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைசியாக வந்தது பாரதி, குள்ளம்மாளின் மருமகள். ஏழு மாசம். இடுப்பில் குடத்தை வைக்க முடியாமல் கையில் தூக்கி வந்தாள்.

"நீ ஏன்டி தூக்கற? உம் புருசன் எங்க?"

"அவரு உக்காந்துட்டாரு பெரிம்மா. இத்தினி நாளு எனக்காக ரோட்டுக்குப் போயி காவேரித் தண்ணி எடுத்தாந்தாரு. இப்ப பெரியப்பா வாசல்லயே நல்ல தண்ணி இருக்கறப்ப எதுக்கு அவ்ளோ தூரம்னு வண்டிய நிறுத்திட்டாரு." பாரதி குரலைத் தாழ்த்தினாள். "புள்ளத்தாச்சிங்க கெட்ட தண்ணி குடிக்கவே கூடாதுன்னு சார் சொன்னாரு. எங்கத்த மொதல்ல வீம்பு புடிச்சாங்க, அப்புறம் அவங்களே போடின்னு அனுப்பிட்டாங்க."

ராணியம்மாள் வெடுக்கென்று எழுந்தாள். "இங்க புடிக்காத. கொண்டா குடத்த." உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தை அப்படியே அவள் குடத்தில் கவிழ்த்தாள். குடம் காலியாகிவிட்டது. பாரதி ஒன்றும் புரியாமல், "குழாய்லயே புடிச்சிருப்பன் பெரிம்மா" என்று சொல்லிக்கொண்டே போனாள். இன்றைக்குச் சரி. நாளைக்கு? அடுத்த நாளைக்கு?

சென்றாயன் மாட்டடியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். ராணியம்மாள் போய்ப் பக்கத்தில் குந்தினாள். சொல்லிவிட்டாள். சொம்பில் பால் விழுகிற சத்தம் நின்றது.

"என்னா சொல்ற நீ?"

"ஆமாங்க. காவேரித் தண்ணியத்தான் ஊத்திக் குடுத்தன். மங்கலா இருந்துச்சு, எப்படிக் குடுக்கறதுன்னு."

"அடிப்பாவி. டெஸ்ட்டுக்குக் கேட்டா டெஸ்ட்டுக்குக் குடுக்கணும். விருந்தா வெக்கச் சொன்னாங்க?"

"எனக்கு என்னா தெரியும்? இப்ப அந்தச் சாரப் பாத்துச் சொல்லிட்டு வந்துடறன்."

சென்றாயன் உடம்போடு அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கி யாரு வராங்க?"

அவளுக்குத் தெரியாதா? அதை நினைத்துத்தானே காலையிலிருந்து வாய் திறக்காமல் இருந்தாள். பாலக்கோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் முருகேஷுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. நல்ல பையன். போன தடவை வந்து கோகிலவாணியைப் பார்த்துவிட்டுப் போனார்கள், நாளைக்கு உறுதி பண்ண வருகிறார்கள். உறுதி என்றால் கை நனைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மனசுக்குச் சம்மதப்படாமல் பெண் வீட்டில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் அவர்கள் பெண்.

இதற்கு முன் இரண்டு வீட்டார் வந்து கை நனைக்காமல் எழுந்து போனார்கள். கோகிலவாணி படித்த பெண், லட்சணமான பெண். வாயைத் திறந்தால் முன் பல்லில் பழுப்புக் கோடு கோடாகத் தெரியும். சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பத்தாவது படிக்கிறபோது பழகிய கை, இன்னும் கீழே இறங்கவில்லை. மூன்றாவதும் எழுந்து போனால் அந்தப் பெண் இனி ஒருவர் முன்னாலும் வந்து நிற்க மாட்டாள் என்று ராணியம்மாளுக்குத் தெரியும்.

"ஒரே ஒரு நாளு" என்றார் சென்றாயன். "அவிங்க வந்து கை நனைச்சிட்டுப் போவட்டும். அதுக்கப்புறம் நீ ஊரையே கூட்டித் தண்டோரா போடு. வாசல்ல செவப்ப பாத்தாங்கன்னு வெய்யி, பொண்ணு பல்லையும் பாப்பாங்க, என் கழுத்தையும் பாப்பாங்க. கணக்கு போட்டுக்குவாங்க."

"பாரதி குடிக்கறாளே."

"ஒரு நாளுல ஒண்ணும் ஆயிடாது. இத்தினி வருசமா நாம குடிக்கல?"

"குடிச்சுத்தான் நீங்க கழுத்து திரும்பாம கெடக்கறீங்க."

அவர் கோபத்தில் மறுபடியும் மடியைப் பிடித்தார். மாடு காலை உதைத்தது. திண்டாடிப் போய் எழுந்தவள் திரும்பினால், தவிட்டு வாளியோடு கோகிலவாணி நிற்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

"அந்தச் சாருக்கு எம் பல்லப் பாத்துமா தோணல?" என்றாள். "பொறந்ததுலேருந்து அந்தத் தண்ணியத்தான் குடிக்கறன். அவரு எங்கிட்டதான் வாளி கேட்டு வாங்கிப் பெயிண்ட் கலக்குனாரு. நான் சிரிச்சிகிட்டே குடுத்தன்."

"நீ வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சிருப்ப" என்றாள் ராணியம்மாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெண் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

மறுநாள் கேம்ப் முடிகிற நாள். காலையில் களி கிண்டும்போது அடி பிடித்துக் கரிந்தது. ராணியம்மாள் களியைக் கரிய விட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வருகிறவர்களுக்கு வடையும் பாயசமும் என்று ஏற்பாடு. சென்றாயன் விடிகாலையிலேயே ரோட்டுக்குப் போய் காலியான பித்தளைக் குடத்துக்குத் தண்ணி கொண்டுவந்து ஊற்றிவிட்டார். "வாயைத் திறக்காதே" என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

பத்து மணிவாக்கில் சென்னப்பன் சாரும் வெண்மதியும் சொல்லிக்கொள்ள வந்தார்கள்.

"அம்மா, நாங்க மதியம் கெளம்பறோம். காவேரிக் குழாய் நீட்டச் சொல்லி சுத்துப்பட்டு கொட்டாய்ங்களுக்கெல்லாம் சேத்து ஒரு மனு தயார் பண்ணிட்டோம். டெஸ்ட் ரிசல்ட்டோட குடுத்தா கண்டிப்பா கவனிப்பாங்க."

"எங்க கொட்டாயும் சேத்துத்தானுங்களே?"

"உங்க கொட்டாய் வேணாம்மா. இங்கதான் நல்ல போர் ஒண்ணு இருக்குதே. ஒண்ணு இருந்தாலும் இருக்கறதுதான். நல்ல தண்ணி இருக்கற ஊரையும் கூட சேத்தா மனுவத் தள்ளிடுவாங்க, மத்த ஊருங்களுக்கும் கெட்டுப்போவும்."

ஒரு பாட்டில் தண்ணி. மானத்துக்குப் பயந்து ஊற்றிய ஒரு பாட்டில் தண்ணி, கொட்டாய்க்கு வரவேண்டிய காவேரியை மறித்துக்கொண்டு நிற்கிறது! "சார்" என்று வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து மண் பாதையில் வெள்ளைக் கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. சென்றாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஓடுகிற அவசரத்தில் மனைவியை உடம்போடு திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

காரிலிருந்து முருகேஷின் அம்மா தீர்த்தம்மாள் இறங்கினாள். கூடவே பையன், ஒரு சித்தப்பா. தீர்த்தம்மாள் கட்டுமஸ்தான பொம்பளை, கண் எங்கும் போகும். முதலில் குழாய்க்குத்தான் போயிற்று.

"என்னாங்க இது, குழாய்க்குப் புதுச்சேல கட்டிட்டீங்க?"

சென்றாயன் முந்திக்கொண்டார். "யுனிவர்சிட்டிலேருந்து வந்து டெஸ்ட் பண்ணாங்க. இதோ சாரே இருக்கறாரு. நல்ல தண்ணின்னு பச்ச அடிச்சிருக்கறாங்க."

சார் தலையை ஆட்டினார். தீர்த்தம்மாள் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். "அப்ப சரி. நான் ஒளிக்காம சொல்றனுங்க. பொண்ணு பல்லு அப்படி இருக்குதே, அந்தத் தண்ணி குடிச்ச ஒடம்பு நாளைக்கி எலும்பு கிலும்பு வளையுமான்னு எங்க சொந்தத்துல ஒருத்தர் கெளப்பிவிட்டுட்டாரு. எனக்கு ராவெல்லாம் அதே நெனப்பு. இப்ப தண்ணியால இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. பல்லு சும்மா நெறந்தானே, அத டாக்டர்கிட்டக் காட்டிக்கலாம்."

உள்ளே கதவோரம் நின்ற கோகிலவாணியின் கை வாய்க்குப் போனது. ராணியம்மாள் பார்த்தாள்.

"பேசறதுக்கு வேற ஒண்ணும் இல்ல" என்று தீர்த்தம்மாள் பையனைப் பார்த்தாள். அவன் வெட்கப்பட்டுக் காரைப் பார்த்தான். "கொண்டாங்க, கை நனைச்சிடுவோம். மொதல்ல ஒரு சொம்பு தண்ணி. அந்தப் பச்சக் கொழாயிலயே புடிச்சாந்து குடுங்க, நல்ல சகுனமா இருக்கட்டும்."

சென்றாயனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ராணியம்மாள் விளக்கிய சொம்பை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். ஒன்றும் கஷ்டம் இல்லை. குழாயில் பிடித்துக் கொடுத்தால் குடித்துவிடுவாள். ஒரு சொம்பில் யாருக்கும் கழுத்து பிடித்துக்கொள்ளாது. அதோடு பெண் கரை சேர்ந்துவிடும்.

குழாயடியில் பாரதி இருந்தாள். குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு, குனிய முடியாமல் குனிந்து, உள்ளங்கையைக் குவித்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு ஆசையாக, மடக்கு மடக்கென்று. முகவாயிலிருந்து வழிந்து வயிற்றில் சொட்டியது. நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வேணாண்டி!" என்று கத்திவிட்டாள் ராணியம்மாள். பாரதி திடுக்கிட்டுக் கையை உதறினாள். கட்டிலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்து வாசலில் குள்ளம்மாள் விளக்குமாற்றோடு நின்றாள்.

இனி உண்மையை விழுங்க முடியாது. ராணியம்மாள் காலிச் சொம்போடு திரும்பி வந்தாள். தீர்த்தம்மாள் முன்னால் நின்றாள்.

"இது நல்ல தண்ணி இல்லீங்க. அந்தப் பாட்டில்ல நான் ஊத்துனது காவேரித் தண்ணி. யுனிவர்சிட்டில பெரியவங்கல்லாம் பாப்பாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நம்ம வூட்டு மங்கத் தண்ணிய எப்படிக் குடுத்தனுப்பறதுன்னு குடத்துல இருந்தத ஊத்திட்டன். இந்தப் போருல வரது செவப்புத் தண்ணிதான். எங்க ஓரகத்தி போருல வரதும் இதுதான்."

"ராணி" என்றார் சென்றாயன்.

"எம்பொண்ணு பல்லு இந்தத் தண்ணியாலதாங்க. எம்புருசன் கழுத்தும் இந்தத் தண்ணியாலதான். நீங்க மனசுல நெனச்சது நெசந்தான். அத மறைச்சுக் கை நனைக்க வெச்சா எனக்குத் தூக்கம் வராதுங்க." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை.

வெண்மதியின் முகம் வெளுத்துவிட்டது. "சார், எம்மேலதான் தப்பு. கரண்டு இல்லன்னு பாட்டில வெச்சிட்டுப் போயிட்டன். நானே நின்னு புடிச்சிருக்கணும்."

சார் பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். அவரே குழாயடிக்குப் போய்ப் பிடித்தார். சொட்டு மருந்தை விட்டுக் குலுக்கினார். எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள், தீர்த்தம்மாள் உட்பட. நல்ல தண்ணியில் இளஞ்சிவப்பாகவே நிற்கிற மருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிவிட்டது. எலுமிச்சம்பழ மஞ்சள்.

"நான் அப்பவே சொன்னனா இல்லியா?" என்றாள் குள்ளம்மாள். ஆனால் முந்தின நாள் இருந்த வேகம் குரலில் இல்லை. மருமகளின் கையைப் பிடித்துக் குடத்தைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

சிவப்புப் பெயிண்ட் டப்பாவில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெண்மதி பிரஷை எடுத்தாள். அதற்குள் கோகிலவாணி வாசலில் இறங்கி வந்தாள். பட்டுச்சேலை, தலையில் பூ. "குடுங்க" என்று பிரஷை வாங்கினாள். பச்சையின்மேல் சிவப்பை இழுத்தாள். பச்சை முழுசாகக் காயாததால் இரண்டும் குழம்பி முதலில் மாட்டுச்சாணி நிறத்தில் வந்தது. இன்னொரு தடவை இழுத்தாள். சேலையில் தெறித்ததை அவள் கவனிக்கவில்லை. அடித்து முடித்துத் திரும்பி, தீர்த்தம்மாளைப் பார்த்து, "வந்ததுக்கு சந்தோசங்க" என்றாள். வாயைப் பொத்தவில்லை. ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் டப்பா.

தீர்த்தம்மாள் அந்தப் பல்லை நன்றாகவே பார்த்தாள். பிறகு சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சரிங்க. நாங்க போயிட்டு, சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வாசலில் எல்லோருக்கும் தெரியும். வடை எடுத்து வைத்த தட்டில் ஈ மொய்த்தது. பையன் காரில் ஏறும்போது மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். தீர்த்தம்மாள் ஏறப் போனவள் நின்று, வெண்மதியைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ கேட்டாள். வெண்மதி போன் நம்பரைச் சொல்ல, சித்தப்பா பதிந்துகொண்டார். பிள்ளைகள்மீது புகார் கொடுக்கப் போகிறார்கள் போலிருக்கிறது, என்னால் அந்தப் பெண்ணுக்கும் கெடுதல் என்று ராணியம்மாள் நொந்துபோனாள்.

கார் போன பிறகு சார் சொன்னார், "மனுவுல உங்க கொட்டாய் பேரையும் சேத்துடறன்மா." அவள் தலையை ஆட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான், அந்த நேரத்தில் காதோடு நின்றுவிட்டது.

சென்றாயன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் மனைவியோடு பேசவில்லை. ஆனால் விடிந்ததும் டி.வி.எஸ்ஸில் கூடுதலாக ஒரு குடம் கட்டினார். அது பாரதிக்கு. குள்ளம்மாள் அவளாகவே வந்து ராணியம்மாளுடன் உட்கார்ந்து புளி தட்டினாள். "எம் மருமக நல்ல தண்ணி குடிக்கறதுக்காகப் பொண்ணு கல்யாணத்தையே ஒடைச்சுக்கிட்டியே அக்கா. உன்ன என்னான்னு சொல்றது?" என்று ஒருநாள் கேட்டாள். ராணியம்மாள் இன்னொரு புளியை எடுத்து நார் உரித்தாள். கோகிலவாணி எப்போதும்போல மாட்டுக்குத் தவிடு வைத்தாள், பாத்திரம் கழுவினாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. அம்மாவுக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது. நீ நல்லது பண்ணினாய் என்றும் அந்தப் பெண் சொல்லவில்லை, கெடுத்தாய் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரமும் போய் அடுத்த வாரமும் பாதி போயிற்று. ஒரு பிற்பகல், புளிக் குவியல் நடுவில் ராணியம்மாள் உட்கார்ந்திருக்க, போன் அடித்தது. கை முழுக்கப் பசை. "கோகிலா, யாருன்னு பாரு" என்றாள். கோகிலவாணி எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நான் பாலக்கோட்டுலேருந்து தீர்த்தம்மா பேசறன்."

"சொல்லுங்க" என்றாள் ராணியம்மாள். இல்லை என்று சொல்லவும் ஒரு மரியாதைக்குப் போன் போடுவார்கள், அதுவும் உண்டு.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன மாசம் எங்கூருக்கும் அந்த யுனிவர்சிட்டிப் புள்ளைங்க பாட்டில எடுத்துக்கிட்டு வந்தாங்க. நான் வாசக் கேட்டப் பூட்டிட்டன். பையனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கறோம், வாசல்ல செவப்ப அடிச்சிட்டுப் போயிட்டா பொண்ணு வூட்டுக்காரங்க என்னா நெனப்பாங்கன்னு. வூட்ல ஆளில்லன்னு உள்ளேருந்தே கத்துனன்."

மாட்டுக்கொட்டகையிலிருந்து சென்றாயன் வந்து, உடம்போடு போன் பக்கம் திரும்பி நின்றார்.

"உங்க வூட்டுக்கு வந்துட்டுப் போனதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. அந்த வெண்மதிப் பொண்ணோட நம்பர அன்னிக்கே வாங்கியாந்தன். போடலாமா வேணாமான்னு இத்தினி நாளு. முந்தாநாளு கூப்புட்டன். நேத்து வந்தாங்க. இந்தத் தடவ நானே மோட்டாரப் போட்டு, போருலேருந்தே புடிச்சுக் குடுத்தன்."

தீர்த்தம்மாளின் குரல் இறங்கியது.

"எங்க வூட்டுதும் செவப்புதாங்க சம்பந்தி. எப்ப வந்து கை நனைக்கட்டும்?"

ராணியம்மாளுக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினால் புளி. கோகிலவாணி போனைப் பிடித்தபடியே சிரித்தாள், இன்னொரு கை சும்மா தொங்கியது.

"நாளைக்கே வாங்க" என்றாள் ராணியம்மாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி அதட்டினாள். "ஏங்க, என்னா நின்னுக்கிட்டு? வண்டிய எடுங்க. ரோட்டுக் கொழாயில தண்ணி நின்னுடப் போவுது."